தேசிங்கு பாடின வாழ்த்தும் என் வேகமான பேக்கப்பும்

1. பதினோரு நாள்

அருளப்பன் கடைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது நகராத ஒரு பச்சைக் கோடு. கம்ப்யூட்டர் திரையில் அது கால்வாசி தூரம் வந்து அப்படியே நின்றிருந்தது. காப்பி முடிய இன்னும் பதினோரு நாள் ஆகும் என்று அதற்குக் கீழே போட்டிருந்தது.

"எவ்ளோ நாளா ஓடுது, அருளு?"

"ஞாயித்துக்கெழமலேர்ந்து ஓடிகினே கீது ஸ்டெல்லாக்கா. நடுவுல மூணு தபா நின்னுபோச்சு. கப்பலு பதினோரு நாள்ல சிங்கப்பூருக்குப் போயி திரும்பி வந்துடும். இது இந்தப் பொட்டிலேர்ந்து பக்கத்துப் பொட்டிக்குப் போவமாட்டேங்குது."

அருளப்பனுக்கு ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்சந்தில் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, திருவிழா, சாவு என்று எது நடந்தாலும் இங்கிருந்து எண்ணூர் வரைக்கும் அவன் ஸ்பீக்கர்தான் போகும். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் மிக்சரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிட்டு, அங்கே மைக்கில் பாடுவது, பேசுவது எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்துவிடுவான். யாரும் கேட்டதில்லை. எதற்கு என்றால், "சும்மா கெடக்கட்டுமேக்கா" என்பான்.

ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு ஃபோல்டர். அதற்கு ஒரு நம்பர், வீட்டுக்காரர் பேர். அன்றைக்குப் போட்ட சினிமாப் பாட்டுகளையும் போட்ட வரிசையிலேயே அதே ஃபோல்டரில் காப்பி செய்து வைத்திருப்பான். இருபது வருஷத்தில் நாற்பதாயிரம் ஃபைலுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அத்தனையும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அதற்கு ஒரு காப்பி வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே பெரிய விஷயம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் ஒரு கன்டெய்னர் யார்டின் கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்த்தேன். பேக்கப் எடுப்பது, எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, இதுதான் வேலை. ரிட்டயர் ஆன பிறகு சந்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் கூப்பிடுவது என்னைத்தான்.

மெதுவாக ஓடுகிற காப்பியைப் பார்க்கப் போனால் முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும். சாஃப்ட்வேர் எங்கேயும் ஓடிப்போகாது. இரண்டு டிஸ்க்கையும் அருளப்பன் ஒரு பழைய யூஎஸ்பி ஹப்பில் சொருகி, அந்த ஹப்பை ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் தள்ளியிருந்தான். வெளியே எடுத்துப் பார்த்தால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. எங்கள் பக்கம் ஒரு புறம் கடல்காற்று, மறுபுறம் மணலி ஃபேக்டரிப் புகை. ஜன்னல் கம்பியே இரண்டு வருஷம் தாங்காது, யூஎஸ்பி முனை எம்மாத்திரம்? களிம்பு பிடித்த ஹப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு டிஸ்க்கையும் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டிலேயே நேராகச் சொருகினேன். பதினோரு நாள் இரண்டு நாளாக இறங்கியது.

அடுத்தது ஆன்டிவைரஸ். அது நாற்பதாயிரம் ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் அனுப்பியது. இந்த இரண்டு டிஸ்க்கை மட்டும் விட்டுவிடு என்று அதற்குச் சொன்னேன். ஒரு நாள் என்று காட்டியது.

அருளப்பன் கை எடுத்துக் கும்பிட்டான். "போதும்க்கா. ஒரு நாள் இன்னா, நான் பாட்டுக்கு வுட்டுட்டுப் போறேன்."

அவன் போதும் என்றான். நான் கேட்கவில்லை.

2. வேகக்காரி

யார்டில் எனக்கு 'வேகக்காரி' என்று பேர். அங்கே விடிகாலை கேட் திறப்பதற்குள் பேக்கப் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் சிஸ்டம் வராது, சிஸ்டம் வராவிட்டால் ஒரு டிரெய்லரும் உள்ளே போகாது. "மேடம், நீங்க அரைமணி லேட் பண்ணா எண்ணூர் ரோடு முழுக்க லாரி நிக்கும். டிரைவர்ங்க என்னைத்தான் கிழிப்பாங்க" என்று மேனேஜர் தினமும் பாடுவார். அந்த லாரி வரிசையை நான் கனவிலேயே பல தடவை பார்த்திருக்கிறேன். திருவொற்றியூர் தாண்டி, முடிவே இல்லாமல், ஹாரன் அடிக்காமல் நிற்கும். வேகம் என்றால் எனக்கு அந்த வரிசை கலைந்து நகர்வதுதான். ரிட்டயர் ஆகியும் அது உடம்பைவிட்டுப் போகவில்லை.

ஆகவே அந்த ஒரு நாளையும் குறைக்கப் பார்த்தேன். ஒரே சினிமாப் பாட்டு நூற்றுக்கணக்கான ஃபோல்டரில் திரும்பத் திரும்ப இருந்தது. இதைக் கண்டுபிடிக்கவென்றே சாஃப்ட்வேர் இருக்கிறது. இரண்டு ஃபைலை உள்ளே வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றேதான் என்றால் ஒன்றை மட்டும் காப்பி எடுக்கும். மற்ற இடங்களில், 'அங்கே போய்ப் பார்' என்று ஒரு ஷார்ட்கட்டை வைத்துவிடும். அதை ஓடவிட்டேன். பாதிக்கு மேல் குறைந்தது. இதுவரைக்கும் நான் செய்தது சரியான வேலை.

மிச்சமிருந்ததில் ஒரு பேர் கண்ணை உறுத்தியது. 'தேசிங்கு வாழ்த்து'. ஏறக்குறைய இருநூற்றைம்பது ஃபோல்டரில் அதே பேர், எல்லாமே ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், கானா. இன்னொன்றைத் திறந்து பத்து நொடி கேட்டேன், அதே மெட்டு, அதே குரல், அதே டோலக். சாஃப்ட்வேரோ இவை ஒன்றுக்கொன்று வேறு, ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை என்றது. பழைய மிக்சர், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இரைச்சல் மாறியிருக்கும், அதைத்தான் வேறு என்கிறது என்று நானே முடிவு கட்டினேன். உள்ளே பார்க்காதே, பேர் ஒன்றாக இருந்து நீளம் ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும் என்று செட்டிங்கை மாற்றினேன். இருநூற்றைம்பதில் ஒன்று மட்டும் பேக்கப்புக்குப் போயிற்று.

யார்டில் ஒரு வரியை நீக்குவதென்றாலும் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குவேன். இங்கே பாட்டுதானே என்று இருந்துவிட்டேன். அருளப்பன் அப்போது எதிரே டீக்கடையில்தான் நின்றிருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

நாலு மணி நேரத்தில் பேக்கப் முடிந்தது. "இன்னாக்கா மந்திரம் போட்ட!" என்று அருளப்பன் வாயைப் பிளந்தான். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போகிறபோது தரையில் நடக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பழைய டிஸ்க் உள்ளுக்குள் டிக் டிக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. புதிய டிஸ்க் வாங்கி, பேக்கப்பிலிருந்து திரும்பப் போட்டேன். ரீஸ்டோரும் சிட்டாகப் பறந்தது. பழைய டிஸ்க்கை அருளப்பன் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுப் பரணில் ஏற்றினான். மைக் செட்காரன் கடையில் எதுவும் குப்பைக்குப் போகாது. அந்தக் குணத்துக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

3. ரோஸ்லின் வீட்டுத் தேர்

தேசிங்குவை நான் நேரில் பார்த்தது அதற்கும் சில மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில். மணலியில் டேங்கர் லாரி ஓட்டியவர், லீவு நாளில் வீடு வீடாகப் போய்க் கானா பாடியவர். ஒல்லியான ஆள், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு கைக்குட்டை. கூட அவர் மகள் கலைவாணி வந்திருந்தாள். ஏதோ டிஸ்க் சமாச்சாரம் என்று அருளப்பன் என்னைக் கூப்பிட்டுவிட்டிருந்தான்.

பேச்செல்லாம் கலைவாணிதான் பேசினாள். "எனக்கு ஞாயித்துக்கெழம கல்யாணம், ஆன்ட்டி. அப்பாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. காத்துதான் வருது, கொரலு வரல. என் கல்யாணத்துல பாடறேன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிகினே இருந்தாரு. என் மஞ்சத்தண்ணிக்குப் பாடுனாரு, அத்த அருளு மாமா ரெக்காடு பண்ணி வெச்சிகீறாரு. அத்தயாச்சும் மண்டபத்துல போடணும்னு ஒரே புடிவாதம்."

"ஃபங்ஷனுக்கு வீடியோ எடுத்திருப்பீங்களே?"

"எடுத்தாங்க. வீடியோக்காரு மேல சினிமாப் பாட்ட போட்டு மூடிட்டாரு. அப்பா வாய் மட்டும் அசையும்."

அருளப்பன் நம்பரைத் தேடி ஃபோல்டரைத் திறந்தான். 'தேசிங்கு வாழ்த்து' என்ற பேர் இருந்தது. மூலையில் குட்டி அம்புக்குறியுடன் இருந்தது, அதாவது ஷார்ட்கட். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. அருளப்பன் பெரிய ஸ்பீக்கரில் போட்டான்.

டோலக் நாலு தட்டு தட்டியது. பிறகு அந்தக் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, நிறைய சிரிப்பு, எதிரில் உட்கார்ந்து நம்மைப் பார்த்தே பாடுகிற குரல். தேசிங்கு கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு பாட்டோடு கூடவே போயிற்று.

கடலுக்கு அந்தாண்ட விடியுது பாரு,
ரோஸ்லின் வூட்டாண்ட நிக்குது தேரு.

உதடு நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறந்து அருளப்பனைப் பார்த்தார். கலைவாணி மெதுவாகச் சொன்னாள், "இது எங்க அப்பா கொரலுதான். ஆனா இது எனக்குப் பாடுனது இல்ல."

"இது வேற வூட்டுதுக்கா" என்றான் அருளப்பன், என் பக்கம் திரும்பி.

பிறகுதான் எனக்கு விவரம் புரிந்தது. தேசிங்கு ஒரு வீட்டுக்குப் பாடப் போனால், பாடுவதற்கு முன் அந்த வீட்டுப் பெண்களோடு கால்மணி நேரம் உட்கார்ந்து பேர்களைக் கேட்பார். மாமன் யார், அத்தை யார், யார் ஹார்பரில், யார் ரயில்வேயில், யார் போய்ச் சேர்ந்துவிட்டார். பேப்பர், பேனா கிடையாது. அப்புறம் அதே மெட்டில் அத்தனை பேரையும் கோத்துப் பாடிவிடுவார். இருநூற்றைம்பது ஃபைலில் ஒன்றுகூட இன்னொன்று இல்லை. சாஃப்ட்வேர் சொன்னது நிஜம். பேச்சைக் கேட்காதவள் நான்.

ஒரு நிமிஷம் பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. டிஸ்க் கெட்டதில் போய்விட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் விட்டுட்டேன். எல்லாம் ஒரே பாட்டுன்னு நெனச்சு, ஒண்ண மட்டும் வெச்சிகினு மிச்சத்த பேக்கப்ல சேக்கல. யாரையும் கேக்கல" என்றேன். பதற்றத்தில் எனக்கும் ஊர்ப் பாஷை வந்துவிட்டது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேசிங்கு தன் போனில் எதையோ தட்டி என்னிடம் காட்டினார். 'ஞாயித்துக்கெழமக்குள்ள கெடைக்குமா?' என்று இருந்தது.

அருளப்பன் ஏணியை எடுத்துப் போட்டுப் பரணிலிருந்து அந்த பிஸ்கட் டின்னை இறக்கினான்.

4. டிக் டிக்

சாகப் போகிற டிஸ்க்கிலிருந்து எடுப்பது பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அதை மற்ற டிஸ்க் மாதிரிச் சொருகி, ஃபோல்டரைத் திறந்து, மவுசால் இழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்காததையெல்லாம் கம்ப்யூட்டர் அதனிடம் கேட்கும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அது செத்துப்போகும். எழுதவே முடியாதபடி பூட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் கேட்கிற சாஃப்ட்வேரில் போட வேண்டும். படிக்க முடியாத இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய், நல்ல இடமெல்லாம் எடுத்த பிறகு திரும்பி வந்து கேட்க வேண்டும். இருபது நிமிஷம் ஓடினால் நாற்பது நிமிஷம் ஆற விட வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அறுபத்தோரு வயசில்தான் அது எனக்கு ஏறியது.

முதல் நாள் பூராவும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் படிக்கவே போயிற்று. அட்டவணையும் கிழிந்த புத்தகம் மாதிரிதான் வந்தது. சில பக்கத்தில் பேர் இருந்தது, இடம் இல்லை. சில பக்கத்தில் இடம் இருந்தது, யார் வீடு என்று இல்லை. ஆகவே கலைவாணி வீட்டுப் பாட்டை மட்டும் குறிபார்த்து எடுக்க முடியவில்லை. அந்தச் சுற்றுவட்டத்தில் இருந்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த இரண்டரை நாளை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அதில் பாதி எனக்குத் தூக்கத்தில் நடந்ததாகவே ஞாபகம் இருக்கிறது. கடையில் ஒரு சின்ன டேபிள் ஃபேன் மட்டும் டிஸ்க்கைப் பார்த்து ஓடும். தேசிங்கு கல்யாண வேலையை மச்சான்களிடம் விட்டுவிட்டு, காலையில் வந்து பிளாஸ்டிக் சேரில் உட்காருவார். இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று ஏறும். ஸ்பீக்கர் மேல் போர்த்திய துணிகள் மெல்ல உப்பித் தாழும். எங்கேயோ ஹார்பரில் ஒரு கப்பல் ஊதும். டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு பாட்டைக் கொடுக்கும்.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். தேசிங்குவும் கேட்கட்டும் என்று சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். ஒவ்வொரு முறையும் கடலுக்கு அந்தாண்ட விடிந்தது. ஒவ்வொரு முறையும் தேர் வேறு வீட்டில் நின்றது. சுகன்யா வீட்டாண்ட, மும்தாஜ் வீட்டாண்ட, அமலோற்பவம் வீட்டாண்ட. பேசின் பிரிட்ஜில் சிக்னல் பார்க்கிற சித்தப்பா வந்தார். நெட்டுக்குப்பத்தில் படகு வாங்கின அண்ணன் வந்தான். மணலி மாமன் மடியில் கட்டிக்கொண்டு வந்தார் சேலை. கிரேன் ஓட்டுகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், ரேஷன் கடையில் சண்டை போட்டு ஜெயித்த அத்தை ஒருத்தி. சில வீடுகளை எனக்குத் தெரியும். சிலர் இப்போது இல்லை. அந்த மத்தியானங்களில் அவர்கள் எல்லாரும் சந்துக்குள் நடந்து வந்து, கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான பெட்டிகளின் நம்பரை பேக்கப் எடுத்தவள் நான். எந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒவ்வொரு பாட்டு வந்ததும் தேசிங்கு விரலை உயர்த்தி எனக்கு அடையாளம் சொல்வார். போனில் தட்டிக் காட்டுவார். 'இந்த வூட்ல கோழிக் கொயம்பு சூப்பரு.' 'இவங்க மாமியா கடசி வரிக்கும் மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தாங்க.' ஒரு பாட்டுக்கு மட்டும் போனை மடியில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

"பொண்ணு பேர ஏன் ஒரு வாட்டி மட்டும் பாடறீங்க? மத்தவங்க பேரெல்லாம் திரும்பத் திரும்ப வருதே" என்று கேட்டேன்.

'கண்ணு பட்டுடும். மைக்ல ஒரு தபாதான் சொல்லணும்' என்று தட்டினார்.

சனிக்கிழமை நாலு மணிவாக்கில் வந்தது. டோலக்கின் பின்னால் கைதட்டலும் குழந்தை அழுகையும் கேட்டன. அருளப்பன் சட்டென்று எழுந்தான். "இதான்க்கா. இது இவரு வூட்டு மாடி. எனக்கு அந்த எக்கோ தெரியும்."

கடலுக்கு அந்தாண்ட விடியுது பாரு.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நாலு நொடி முழு அமைதி. பிறகு, "...வூட்டாண்ட நிக்குது தேரு" என்று குரல் மறுபடி எழுந்து, கடைசி வரைக்கும் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. அம்மா பேர் வந்தது, மாமன்கள் வந்தார்கள், அத்தை வந்தாள். கலைவாணி பேர் இருந்த இடம் மட்டும் டிஸ்க்கில் ஓட்டை. ஒரே ஒரு தடவை சொன்ன பேர் அது.

திரும்பவும் கேட்டுப் பார்த்தேன், ஆற விட்டுக் கேட்டேன், பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

"குரலைக் காப்பி அடிக்கிற ஆப் வந்திருக்கு. இவ்ளோ பாட்டு கையில இருக்கு. அதுல போட்டா இவர் சொன்ன மாதிரியே கலைவாணின்னு சொல்லும். ஒரு மணி நேரத்துல ஒட்டிடலாம்" என்றேன். பழைய வேகக்காரி அப்போதும் சாகவில்லை.

தேசிங்கு போனை எடுத்துத் தட்டினார். 'வேணாம். அப்டியே உடு.'

5. நாலு நொடி

திருவொற்றியூரில் மண்டபம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல். ரிசப்ஷனில் கூட்டம் நிரம்பியதும் அருளப்பன் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு, மேடை ஓரத்தில் நின்ற தேசிங்குவின் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தான்.

"எதுக்கு அருளு? அவருக்குத்தான்..." என்று நான் இழுத்தேன்.

"பாட்டு அவருதுக்கா. கையில மைக்கு இல்லாம எப்டி நிப்பாரு?"

டோலக் தட்டியது. மண்டபத்தில் சத்தம் அடங்கியது. நிறையப் பேருக்குத் தெரிந்த குரல். எங்கள் வீட்டிலும் பாடினார் என்று பக்கத்தில் ஒரு அம்மா பின்வரிசைக்குச் சொன்னாள். முதல் அடி முடிந்தது. நான் அந்த நாலு நொடிக்குப் பயந்து சேரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தேசிங்கு மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். அருளப்பனின் கை மிக்சரில் அந்த மைக்கின் சத்தத்தை ஏற்றியது. உதடு அசைந்தது. மண்டபத்தின் எட்டு ஸ்பீக்கரிலும் வந்தது வெறும் மூச்சு. நாலு எழுத்தளவு மூச்சு, மெட்டுத் தப்பாமல், தாளம் தப்பாமல். உடனே பழைய குரல் எழுந்து, வூட்டாண்ட நிக்குது தேரு என்று எடுத்துக்கொண்டது.

மேடையில் மாலையும் கழுத்துமாக நின்ற கலைவாணி அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுச்சிப்பா" என்றாள். அவள் கையில் மைக் இல்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது.

6. இப்போது நடக்கிற ரீஸ்டோர்

திங்கட்கிழமை மற்ற வீட்டுப் பாட்டுகளை எடுக்க உட்கார்ந்தேன். ஏற்கெனவே வந்தவற்றோடு சேர்த்து முப்பத்தொரு பாட்டு ஆயிற்று. அதற்கப்புறம் டிஸ்க் டிக் டிக்கென்று அடிப்பதையும் நிறுத்திவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளின் வாழ்த்து போனது போனதுதான். சும்மா இருந்திருந்தால் ஒரு நாளில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். நாலு மணி நேரத்தில் முடித்த பெருமைக்கு நான் கொடுத்த விலை அது, அதுவும் என் வீட்டிலிருந்து கொடுக்கவில்லை.

யார்ட் மாதிரி இடங்களில் இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேக்கப்பை வேகமாக எடுத்தேன் என்று யாராவது மார்தட்டினால், எதை விட்டுவிட்டு எடுத்தாய் என்று கேளுங்கள். இரண்டு ஃபைல் ஒரே மாதிரி இருந்தால், எது வேண்டாம் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். டீக்கடையில் நின்றாலும் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தப்பு நடந்துவிட்டால் டிஸ்க் மேல் பழியைப் போடாதீர்கள்.

பாட்டு தொலைந்துபோன வீடுகளின் பட்டியலை எடுத்து வைத்தேன். "எதுக்குக்கா, யாராச்சும் கேட்டா பாத்துக்கலாம்" என்றான் அருளப்பன். நான் கேட்கவில்லை, இந்த ஒரு தடவை கேட்காமல் இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே சொல்லியனுப்பினேன். முதலில் வந்தது நெட்டுக்குப்பத்திலிருந்து எல்லம்மா, மீன் விற்கிறவள். மகன் கல்யாணத்துப் பாட்டு அவளுடையது.

"நான்தாம்மா அழிச்சிட்டேன்" என்றேன்.

"படிச்சவதான நீ? ஒரு வார்த்த கேக்க மாட்ட?" என்று கூடையை இறக்கி வைத்தாள். வெயிலில் வந்த மூச்சு அடங்கும் வரை என்னை முறைத்தாள். பிறகு, "அந்த மைக்க இப்டி குடு" என்றாள்.

நின்ற வாக்கில் பாடினாள். மருமகள் பேர் ஒரு தடவை, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும், செத்துப்போன புருஷன் பேர், படகின் பேர் உட்பட ஒன்றும் விடவில்லை. தேசிங்கு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து மேசையில் தாளம் தட்டினார். அருளப்பன் ரெக்கார்டரை அமுக்கியிருந்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக வருகிறார்கள். மாதத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. சிலர் நடுவில் மறந்துபோய், அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பாடுகிறார்கள். இந்தக் கணக்குக்கு முடிய ஏழெட்டு வருஷம் ஆகும். நான் பார்த்த ரீஸ்டோர்களிலேயே இதுதான் மெதுவானது. இதை வேகப்படுத்த நான் ஒரு வழியும் தேடவில்லை.